ஒரே மென்பொருள், பல தளங்கள்: செயல்திறனை ஒப்பிட்டு அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மென்பொருளை லினக்ஸிலும் விண்டோஸிலும் மேக்ஓஎஸ்ஸிலும் ஓட்டி, ஆன நேரத்தைக் குறித்து, மூன்று பட்டைகள் வரைந்து, குட்டைப் பட்டைக்கு வெற்றி என்று அறிவிப்பது எளிது. அந்த உயர வேறுபாடு எதனால் வந்தது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும். புராசசராலா, இயங்குதளத்தாலா, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலராலா, பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த வைரஸ் தடுப்பு மென்பொருளாலா?

ஒரே இயந்திரத்திலேயே இது எவ்வளவு வழுக்கலான விஷயம் என்பதை மிட்கோவிச், திவான், ஹௌஸ்விர்த், ஸ்வீனி ஆகிய நால்வர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை காட்டியது. நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. சூழல் மாறிகளின் (இயங்குதளம் ஒவ்வொரு நிரலுக்கும் தரும் பயனர் பெயர், அடைவு போன்ற அமைப்புகள்) மொத்த நீளத்தை மட்டும் மாற்றினார்கள். கம்பைல் செய்த துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும்போது, அதாவது லிங்க் செய்யும்போது, கோப்புகளின் வரிசையை மாற்றினார்கள். நிரலை வேகப்படுத்தும் கம்பைலர் அமைப்புகளில் ‘ஓ3’ நிலை ‘ஓ2’வைவிட வேகமானதா என்ற கேள்விக்கு, இந்த அற்ப மாற்றங்களே விடையைத் தலைகீழாக்கின. சூழல் மாறிகள் நீண்டால், நிரல் தன் தற்காலிகத் தரவை வைக்கும் ஸ்டாக் தொடங்கும் முகவரி நகரும். முகவரி நகர்ந்தால், புராசசருக்குள் இருக்கும் சிறிய அதிவேக நினைவகமான கேஷில் தரவு அமரும் விதம் மாறும். வீட்டு அடைவின் பெயர் நீளமாக இருப்பவருக்கு ஒரு முடிவும் குட்டையாக இருப்பவருக்கு வேறொரு முடிவும் கிடைக்கக்கூடும் என்றுதான் இதற்குப் பொருள். ஒரே இயந்திரத்தில் இந்தக் கதி என்றால், புராசசர், இயங்குதளம், லைப்ரரி எல்லாமே மாறும் இடத்தில் வெறும் நேரக்கணக்கை வைத்து என்ன சொல்லிவிட முடியும்?

ஆகவே இந்த வழிகாட்டி ஒரே நிபந்தனையின் மேல் நிற்கிறது: காரணம் சொல்ல முடியாத வேறுபாட்டை முடிவாக வெளியிடக் கூடாது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் காரணத்தைத் தேடிப்பிடிப்பதற்கான ஏற்பாடுகள்தான். எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறிய நிரலை வைத்துக்கொள்வோம்: பத்து லட்சம் வரிகள் கொண்ட ஒரு பதிவுக் கோப்பைப் படித்து, ஒவ்வொரு வரியையும் பிரித்து, எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேர்க்கும் நிரல். சாதாரண வேலைதான். ஆனால் தளம் மாறும்போது வரும் பொறிகளில் பெரும்பாலானவை இதற்குள்ளேயே இருக்கின்றன.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“எந்தத் தளம் வேகமானது?” என்பது அளக்கக்கூடிய கேள்வி அல்ல. ஒரு பயனர் பெட்டியைத் திறந்து, தரப்பட்ட மென்பொருளை அப்படியே ஓட்டினால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஒரு கேள்வி. அங்கே எதையும் சமப்படுத்தக் கூடாது. வைரஸ் தடுப்பு மென்பொருள்கூடப் பயனரிடம் எப்படி இருக்குமோ அப்படியே ஓட வேண்டும். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) வகையிலிருந்து, கைபேசிகளில் பரவலான ஆர்ம் வகைப் புராசசருக்கு மாற்றியதில் நம் நிரல் எதையாவது இழந்ததா என்பது வேறு கேள்வி. இயங்குதளத்தை மட்டும் ஒப்பிட வேண்டும் என்றால் ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவித்தான் அளக்க வேண்டும்.

ஸ்பெக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பு, 1988இல் தொடங்கப்பட்ட காலம் முதல் கணினி அளவீட்டுக்கு விதிமுறைகள் வகுத்துவருகிறது. அதன் புராசசர் சோதனைகளில் ‘பேஸ்’, ‘பீக்’ என்று இரண்டு மதிப்பெண்கள் உண்டு. ‘பேஸ்’ என்றால் ஒரு மொழியில் எழுதிய எல்லா நிரல்களுக்கும் ஒரே கம்பைலர் அமைப்புகள். ‘பீக்’ என்றால் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக முறுக்கேற்றலாம். இரண்டும் நேர்மையான அளவுகள்தான். ஒரு தளத்தின் ‘பேஸ்’ எண்ணை இன்னொரு தளத்தின் ‘பீக்’ எண்ணோடு ஒப்பிடுவதுதான் தவறு. உங்கள் ஒப்பீடும் இந்த இரண்டில் எது என்று முதலிலேயே முடிவாக வேண்டும்.

எதை அளப்பது என்பதையும் இங்கேயே தீர்மானியுங்கள்: ஒரு வேலை முடியும் நேரமா, நொடிக்கு முடியும் வேலைகளா, மிக மெதுவான ஒரு விழுக்காட்டின் தாமதமா, நினைவகமா, மின்சாரமா? ஒரு தளம் நேரத்தில் முந்தி, மின்சாரத்தில் பிந்துவது மிக இயல்பு. எண்கள் வந்த பிறகு அளவுகோலைத் தேர்ந்தெடுத்தால் நமக்குப் பிடித்த தளமே எப்போதும் ஜெயிக்கும்.

படி 2: சோதனைக்கான வேலையும் தரவும்

1972இல் வெட்ஸ்டோன், 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் எழுதிய ட்ரைஸ்டோன் என்று செயற்கையான சிறு நிரல்களை வைத்துக் கணினிகளை அளந்த காலம் ஒன்று இருந்தது. ட்ரைஸ்டோனில் எழுத்துச் சரங்களைப் படியெடுப்பதும் ஒப்பிடுவதும் கணிசமான நேரத்தை எடுத்துக்கொள்ளும். கம்பைலர் அந்த ஓர் இடத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டினாலே மதிப்பெண் எகிறிவிடும். மேலும் முழு நிரலும் கேஷுக்குள் அடங்கிவிடுவதால் நினைவகத்தின் வேகம் சோதிக்கப்படவே இல்லை. ஸ்பெக் உண்மையான நிரல்களை நாடியதற்கு இத்தகைய குறைகளே காரணம். நீங்களும் உங்கள் மென்பொருள் நாள்தோறும் செய்யும் வேலையையே சோதனையாக வையுங்கள்.

தரவின் அளவை ஒன்றோடு நிறுத்தாதீர்கள். கேஷுக்குள் அடங்கும் அளவு, கேஷைத் தாண்டி முதன்மை நினைவகத்தில் அடங்கும் அளவு, நினைவகத்தையும் தாண்டும் அளவு என்று குறைந்தது மூன்று அளவுகள் வேண்டும். ஒன்றில் முந்தும் தளம் இன்னொன்றில் பின்தங்குவது அடிக்கடி நடக்கும். அதுவே பல சமயம் காரணத்துக்கான முதல் துப்பாகவும் அமையும்.

தரவு எல்லாத் தளங்களிலும் பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருக்க வேண்டும். இது சொல்லத் தேவையற்றதாகத் தோன்றும். ஆனால் சோதனைக் கோப்பை கிட் (நிரல் பதிப்புகளைப் பராமரிக்கும் கருவி) மூலம் எடுத்துவந்தால், விண்டோஸில் வரி முடிவுக் குறிகளைத் தானாக மாற்றும் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கலாம். அப்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு பைட் கூடும். நம் பத்து லட்சம் வரிக் கோப்பு பத்து லட்சம் பைட் பெருத்துவிடும். நிரல் வேறு கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும். ஓட்டுவதற்கு முன் கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைச் சரிபார்ப்பது ஒரு வரி வேலை.

தற்போக்கு எண்களில் இதைவிட நுட்பமான சிக்கல் இருக்கிறது. சி++ மொழியின் ‘எம்டி19937’ எண் உற்பத்தி எல்லாத் தளங்களிலும் ஒரே வரிசையைத்தான் தரும். தரநிலை அப்படி வரையறுக்கிறது. ஆனால் அந்த எண்களை 1 முதல் 100 வரை பரப்பித் தரும் பகுதி எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதைத் தரநிலை வரையறுக்கவில்லை. ஒரே விதை எண்ணைக் கொடுத்தும் வெவ்வேறு லைப்ரரிகளில் வெவ்வேறு தரவு வரும். தரவை ஒரே இடத்தில் உருவாக்கி, கோப்பாக எல்லா இயந்திரங்களுக்கும் அனுப்புவதே பாதுகாப்பு.

படி 3: வேகத்துக்கு முன் விடை

தவறான விடையை விரைவாகத் தருவது சாதனை ஆகாது. ஒவ்வொரு தளத்திலும் வெளியீட்டைச் சேமித்து ஒப்பிடுங்கள். சி மொழியில் ‘லாங்’ என்ற எண் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட். எதிர்மறை எண்ணை ஏற்குமா என்று வெளிப்படையாகக் குறிப்பிடாத ‘சார்’ என்ற எழுத்து வகை எக்ஸ்86 லினக்ஸில் எதிர்மறை மதிப்பையும் ஏற்கும். ஆர்ம் லினக்ஸில் ஏற்காது. இவை பிழைகளை மட்டும் உண்டாக்குவதில்லை. தரவுக் கட்டமைப்பின் அளவை மாற்றி, கேஷில் எவ்வளவு அடங்கும் என்பதையும் மாற்றுகின்றன.

தசம எண் கணக்கு இன்னும் தந்திரமானது. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில், ஒரே முறை மட்டும் முழுமைப்படுத்திச் செய்யும் வசதி 64 பிட் ஆர்ம் புராசசர்களில் அடிப்படையாகவே உண்டு. பொதுவான எக்ஸ்86 இலக்குக்குக் கம்பைல் செய்தால் அது பயன்படாது. கடைசி இலக்கங்கள் சற்று விலகும். விடை நெருங்கும் வரை சுற்றிச் சுற்றிக் கணக்கிடும் நிரலில், இந்தச் சிறு விலகலால் ஒரு தளத்தில் சில சுற்றுகள் கூடவோ குறையவோ செய்யலாம். அப்போது நீங்கள் அளந்தது புராசசரின் வேகத்தை அல்ல. சுற்றுகளின் எண்ணிக்கையையும் பதிவு செய்யுங்கள்.

படி 4: நிரலைக் கட்டும் விதம்

கம்பைலரின் பெயர், பதிப்பு, அமைப்புகள் மூன்றையும் எழுதிவைக்காத ஒப்பீட்டைக் குப்பையில் போடலாம். இயங்குதளத்தை ஒப்பிடுவதானால் மூன்றிலும் கிளாங் கம்பைலரையே பயன்படுத்தலாம். அது எல்லாவற்றிலும் கிடைக்கிறது. விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோவிலிருந்து ஓட்டும்போது ‘டீபக்’ வடிவம் ஓடுகிறதா, ‘ரிலீஸ்’ வடிவம் ஓடுகிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இந்த ஒரு தேர்வே பல மடங்கு வித்தியாசத்தைக் கொடுத்துவிடும்.

ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்த ஆர்ம் புராசசர்) கணினிகளில் எக்ஸ்86க்காகக் கட்டிய நிரலை ரோசெட்டா 2 என்ற மென்பொருள் சத்தமில்லாமல் மொழிபெயர்த்து ஓட்டிவிடும். ஆர்ம் புராசசரில் ஓடும் விண்டோஸிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. எச்சரிக்கை வரும் என்று நம்பியிருக்க முடியாது; சற்று மெதுவாக ஓடும், அவ்வளவுதான். மேக்கின் ஆக்டிவிட்டி மானிட்டரில் ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே அது ஆப்பிள் வகையா, இன்டெல் வகையா என்று காட்டும் பத்தி இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். முழு நிரலும் நேரடியாக ஓட, அது அழைக்கும் துணை நிரல் ஒன்று மட்டும் பழைய வடிவில் ஓடுவதும் உண்டு.

பைத்தான் போன்ற மொழிகளில் கம்பைலர் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். பைத்தான் 3.11 பதிப்பு 3.10ஐவிடச் சராசரியாக 1.25 மடங்கு வேகமானது என்று அதன் வெளியீட்டுக் குறிப்பே சொல்கிறது. இரண்டு தளங்களில் இரண்டு பதிப்புகள் இருந்தால் தளத்தின் வேறுபாடு அதற்குள் மறைந்துபோகும். நம்பை என்ற கணக்கீட்டு லைப்ரரி வழியாக அணிகளைப் பெருக்கும் ஒரே வரி, உள்ளே வேறு கணித லைப்ரரிகளை அழைக்கும்; ஓரிடத்தில் ஓப்பன்பிளாஸையும் இன்னோரிடத்தில் இன்டெலின் எம்கேஎல்லையும் மேக்கில் ஆப்பிளின் ஆக்சிலரேட்டையும் அழைக்கலாம். அங்கே பைத்தான் வெறும் வாசற்காவலாளி. லினக்ஸுக்குள்ளேயே, ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் வகையில் கட்டிய கன்டெய்னரில் (நிரலைத் தனித்து அடைத்து ஓட்டும் சூழல்) இருக்கும் ‘மசல்’ என்ற சி லைப்ரரியின் நினைவக ஒதுக்கீட்டு முறை, பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை இழைகள்) ஓடும் நிரல்களில் வழக்கமான ‘ஜிலிப்சி’யைவிட மெதுவாக இருப்பதைப் பலர் தாமதமாகத்தான் கண்டுகொள்கிறார்கள்.

படி 5: கடிகாரத்தைச் சந்தேகியுங்கள்

சி மொழியின் ‘கிளாக்’ சார்பைப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துகிறார்கள். லினக்ஸிலும் மேக்கிலும் அது புராசசர் செலவிட்ட நேரத்தைத் தரும். மைக்ரோசாஃப்டின் சி லைப்ரரியிலோ அது சுவர்க் கடிகார நேரத்தைத் தரும். நான்கு த்ரெட்கள் முழுவீச்சில் ஒரு நொடி ஓடினால் லினக்ஸ் ஏறக்குறைய 4 நொடி என்று சொல்லும். விண்டோஸ் 1 நொடி என்று சொல்லும். வட்டுக்காக ஒரு நொடி சும்மா காத்திருந்தால் லினக்ஸ் பூச்சியத்துக்கு அருகில் சொல்லும். விண்டோஸ் 1 நொடி என்றே சொல்லும். ஒரே நிரல், ஒரே வரி, இரண்டு வெவ்வேறு அளவுகள்.

பின்னோக்கி நகராத கடிகாரமே வேண்டும். நேரத்தை இணையம் வழியாகத் திருத்திக்கொள்ளும் சாதாரணக் கடிகாரம் நடுவில் குதிக்கக்கூடும். லினக்ஸில் மோனோடோனிக் கடிகாரம், விண்டோஸில் குவெரி பெர்ஃபார்மன்ஸ் கவுண்ட்டர், மேக்கில் மாக் அப்சொல்யூட் டைம் ஆகியவை அந்த வகை. நுணுக்கத்தில் இவை சமம் அல்ல. விண்டோஸின் இந்தக் கவுண்ட்டர் இன்றைய கணினிகளில் பெரும்பாலும் 100 நானோ நொடிக்கு ஒருமுறை நகர்கிறது. ஆப்பிள் சிலிக்கானில் ஏறக்குறைய 42 நானோ நொடிக்கு ஒருமுறை. விண்டோஸின் பழைய கெட் டிக் கவுண்ட் சார்போ 10 முதல் 16 மில்லி நொடி இடைவெளியில்தான் நகரும். 2018இல் ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறைபாடு வெளியானதிலிருந்து பிரவுசர்கள் ஜாவாஸ்கிரிப்டின் கடிகாரத்தை வேண்டுமென்றே மழுங்கடித்து வைத்திருக்கின்றன. அளக்கும் செயல் கடிகாரத்தின் ஒரு நகர்வைப்போல் ஆயிரம் மடங்காவது நீளமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இந்த வேறுபாடுகள் தொல்லை தராது. செயல் மிகச் சிறியது என்றால் அதைப் பல முறை சுற்றி ஓட்டி, மொத்தத்தை அளந்து வகுக்கலாம்.

நினைவக அளவிலும் இதே கதைதான். உச்ச நினைவகப் பயன்பாட்டைச் சொல்லும் ‘கெட்ஆர்யூசேஜ்’ லினக்ஸில் கிலோபைட்டில் விடை தரும்; மேக்கில் பைட்டில் தரும். மேக்கில் ஒரு நிரல் 1,024 மடங்கு நினைவகத்தை விழுங்குவதாக யாராவது சொன்னால் வேறு எதையும் தேட வேண்டாம்.

படி 6: இயந்திரத்தை அமைதிப்படுத்துங்கள்

புராசசரின் வேகம் இப்போதெல்லாம் நிலையான எண் அல்ல. சுமை குறைந்தால் குறையும், சில நொடிகளுக்கு டர்போவில் ஏறும், சூடானால் இறங்கும். லினக்ஸில் அதிர்வெண் மேலாண்மையை ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் வையுங்கள். தேவையானால் டர்போவை அணையுங்கள். மடிக்கணினியை மின் இணைப்பில் வைத்தே அளங்கள். கைபேசியில் முதல் நிமிடத்தின் எண்ணுக்கும் பத்தாம் நிமிடத்தின் எண்ணுக்கும் பெரிய இடைவெளி இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சோதனை நிரலின் பெயரை அடையாளம் கண்டு அதற்கு மட்டும் வேகத்தைக் கூட்டிய கைபேசிகள் 2013இல் அம்பலமானதையும் நினைவில் வையுங்கள். பிரபலமான பெஞ்ச்மார்க்கைவிட உங்கள் சொந்த நிரல் நம்பகமானது என்பதற்கு அது இன்னொரு காரணம்.

பெரிய கோர், சிறிய கோர் (கோர் என்பது புராசசருக்குள் தனித்து வேலை செய்யும் அலகு) என்று கலந்து வரும் புராசசர்கள் கைபேசிகளில் தொடங்கி, ஆப்பிள் சிலிக்கான் வழியாகவும் 2021இல் வந்த இன்டெல் ஆல்டர் லேக் வழியாகவும் மேசைக்கு வந்துவிட்டன. உங்கள் நிரல் எந்தக் கோரில் ஓடியது என்று தெரியாவிட்டால் எண்ணுக்குப் பொருளில்லை. லினக்ஸிலும் விண்டோஸிலும் நிரலைக் குறிப்பிட்ட கோர்களில் கட்டிப்போடலாம். ஆப்பிள் சிலிக்கானில் அப்படிச் செய்ய முடியாது. த்ரெட்டின் முக்கியத்துவத்தைக் குறிப்பால் உணர்த்தத்தான் முடியும். பின்னணி வேலை என்று குறித்துவிட்டால் அது சிறிய கோர்களிலேயே கிடக்கும்.

மேகக் கணினிகளில் ‘விசிபியு’ என்ற சொல்லே ஒரு பொறி. பெரும்பாலான எக்ஸ்86 வாடகைக் கணினிகளில் ஒரு விசிபியு என்பது ஒரு கோரின் பாதி, அதாவது ஒரு ஹைப்பர்த்ரெட். அமேசானின் கிராவிடான் வகையில் அது ஒரு முழுக் கோர். எட்டையும் எட்டையும் ஒப்பிடுவதாக நினைத்து நான்கையும் எட்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். விலைக்கு விலை ஒப்பிடுவது நோக்கமானால் அது சரிதான். புராசசரை ஒப்பிடுவது நோக்கமானால் சரியல்ல. பக்கத்துக் குடித்தனக்காரர் எவ்வளவு நேரத்தைத் திருடுகிறார் என்பதை ‘டாப்’ கட்டளையின் ‘எஸ்டி’ எண் காட்டும்.

கன்டெய்னருக்கு 2 கோர் அளவு வரம்பு விதித்து, அதற்குள் 16 த்ரெட்களை ஓட விட்டால் நடப்பதைப் பாருங்கள். லினக்ஸ் இந்த வரம்பை இயல்பாக 100 மில்லி நொடி தவணைகளில் கணக்கிடுகிறது. 2 கோர் என்றால் தவணைக்கு 200 மில்லி நொடி. 16 கோர் உள்ள இயந்திரத்தில் 16 த்ரெட்களும் ஒன்றாக ஓடினால் 12.5 மில்லி நொடியில் அது தீர்ந்துவிடும். மீதி 87.5 மில்லி நொடி முழு நிரலும் உறைந்து நிற்கும். சராசரி எண்ணில் இது தெரியாது; தாமதத்தின் வால்பகுதியில் பளிச்சென்று தெரியும்.

படி 7: ஓட்டுங்கள்

ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் போன்றவை முதலில் மெதுவாக ஓடி, அடிக்கடி பயன்படும் பகுதிகளைக் கண்டறிந்து, அவற்றைப் போகிற போக்கில் கம்பைல் செய்துகொள்ளும். எனவே சூடேற்றும் ஓட்டங்களைத் தனியாகவும் உண்மையான ஓட்டங்களைத் தனியாகவும் வையுங்கள். பயனர் நிரலைத் திறந்தவுடன் மூடிவிடுபவர் என்றால் அந்தச் சூடேறாத நேரம்தான் அவருக்கு உண்மை. ஜாவாவுக்கு ஜேஎம்ஹெச், சி++க்கு கூகுள் பெஞ்ச்மார்க், கட்டளை வரி நிரல்களுக்கு ஹைப்பர்ஃபைன் என்று நல்ல கருவிகள் இருக்கின்றன. நீங்களே எழுதினால், விடையைப் பயன்படுத்தாத கணக்கைக் கம்பைலர் மொத்தமாக நீக்கிவிடும் என்பதை மறக்காதீர்கள். நம்ப முடியாத வேகம் வந்தால் பெரும்பாலும் எதுவுமே ஓடியிருக்காது.

ஒரே ஓட்டத்துக்குள் ஆயிரம் சுற்று ஓட்டுவதைவிட, நிரலை மறுபடி மறுபடி புதிதாகத் தொடங்கி ஓட்டுவது நல்லது. நினைவக முகவரிகள் ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறும். முன்சொன்ன ஸ்டாக் விளையாட்டின் பாதிப்பு அப்போதுதான் பரவலாகி வெளியே தெரியும். ஒரே கணினியில் இரண்டு வடிவங்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் முதலில் ஒன்றை முழுவதும், பிறகு மற்றதை முழுவதும் ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். இல்லையென்றால் மாலையில் ஏறிய சூடு ஒருவர் தலையிலேயே விழும்.

இப்போது நம் நிரலுக்கு வருவோம். ஒவ்வொரு வரியையும் தனிப் பரிவர்த்தனையாக எஸ்கியூலைட்டில் சேர்க்கிறோம். மேக்கில் அது லினக்ஸைவிடப் பல மடங்கு விரைவாக முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆப்பிளின் வட்டு அவ்வளவு வேகமா என்று வியந்து கட்டுரை எழுத உட்கார்வதற்கு முன் ‘எஃப்சிங்க்’ என்ற ஒற்றை அழைப்பைப் பார்க்க வேண்டும். தரவு வட்டில் நிலையாகப் பதிந்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும் என்பதற்கான அழைப்பு அது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில், வட்டு தன் உள் தற்காலிக நினைவகத்தில் இருப்பதையும் பதித்து முடிக்கும் வரை அது காத்திருக்கும். மேக்ஓஎஸ்ஸில் அதே பெயர் கொண்ட அழைப்பு தரவை வட்டிடம் ஒப்படைத்தவுடன் திரும்பிவிடும். வட்டு அதை எப்போது பதிக்கிறது என்பதற்கு அது பொறுப்பேற்காது. முழு உத்தரவாதம் வேண்டுமென்றால் எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்ற தனிக் கட்டளை வேண்டும். எஸ்கியூலைட்டில் இதற்கென்றே ‘ஃபுல்எஃப்சிங்க்’ என்ற அமைப்பு இருக்கிறது. இயல்பாக அது அணைந்திருக்கும். அதை இயக்கிவிட்டு மறுபடி அளங்கள். இடைவெளி சுருங்கினால், நீங்கள் கண்டது வேகம் அல்ல, வாக்குறுதியின் கனத்தில் இருந்த வித்தியாசம். மின்சாரம் போனால் எது மிஞ்சும் என்பதில் இரண்டு தளங்களும் சமமாக இல்லாதபோது நேரத்தை மட்டும் ஒப்பிடுவது நியாயமே இல்லை.

கோப்பைப் படிக்கும் பகுதியிலும் கவனம் வேண்டும். இரண்டாவது ஓட்டத்தில் கோப்பு நினைவகத்திலேயே இருக்கும், வட்டு தொடப்படாது. லினக்ஸில் அந்தத் தற்காலிகச் சேமிப்பைக் காலிசெய்யும் வழி உண்டு; மேக்கில் ‘பர்ஜ்’ கட்டளை உண்டு. குளிர்ந்த ஓட்டம், சூடான ஓட்டம் என்று இரண்டையும் அளந்து இரண்டையும் சொல்லுங்கள்.

படி 8: எண்களைக் கணக்கிடுதல்

முதலில் எல்லா அளவுகளையும் புள்ளிகளாக வரைந்து கண்ணால் பாருங்கள். ஒரே குவியலா, இரண்டு குவியல்களா? இரண்டு குவியல்கள் இருந்தால் சராசரி என்பது எந்த ஓட்டத்திலும் நடக்காத ஒரு நேரம். பெரிய கோரில் ஓடியவை ஒரு பக்கமும் சிறிய கோரில் ஓடியவை மறுபக்கமும் சேர்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். ஒரே குவியல் என்றால் இடைநிலை மதிப்பையும் பரவலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பல நிரல்களின் முடிவுகளை ஒரே எண்ணாகச் சுருக்குவதில்தான் கண்கட்டு வித்தை நடக்கும். முதல் நிரலுக்கு ‘அ’ தளம் 10 நொடி, ‘ஆ’ தளம் 20 நொடி. இரண்டாம் நிரலுக்கு ‘அ’ 40 நொடி, ‘ஆ’ 20 நொடி. ‘அ’வை அடிப்படையாகக் கொண்டால் ‘ஆ’வின் விகிதங்கள் 2, 0.5, சராசரி 1.25. ஆக ‘ஆ’ 25 விழுக்காடு மந்தம். ‘ஆ’வை அடிப்படையாகக் கொண்டால் ‘அ’வின் விகிதங்கள் 0.5, 2, சராசரி அதே 1.25. இப்போது ‘அ’ 25 விழுக்காடு மந்தம். இரண்டும் உண்மையாக முடியாது. விகிதங்களுக்குப் பெருக்குச் சராசரியே (எண்களைக் கூட்டி வகுக்காமல், பெருக்கி மூலம் காண்பது) பொருந்தும் என்று பிளெமிங், வாலஸ் இருவரும் 1986இல் எழுதினார்கள்; இங்கே அது 1 என்று வரும், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும். ஆனால் பயனர் இரண்டு நிரல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுபவர் என்றால் அவருக்கு ‘அ’ 50 நொடி, ‘ஆ’ 40 நொடி. அவருக்கு வேண்டியது அந்தக் கூட்டுத்தொகைதான். என் விருப்பம், முடிந்தவரை ஒரே எண்ணாகச் சுருக்காமல் அட்டவணையாகவே கொடுத்துவிடுவது.

சேவையகங்களின் தாமதத்தை அளப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நொடிக்கு 100 கோரிக்கை வீதம் 10 நொடி அனுப்புவதாகத் திட்டம், மொத்தம் 1,000. நடுவில் சேவையகம் 1 நொடி உறைந்துவிடுகிறது. முந்தைய பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும் சோதனைக் கருவி, அந்த ஒரு நொடியில் ஒரே ஒரு மோசமான அளவைத்தான் பதிவு செய்யும். 99ஆம் விழுக்காட்டு மதிப்பு (100இல் 99 கோரிக்கைகள் அதற்குள் முடியும் நேரம்) அழகாக இருக்கும். உண்மையில் அந்த நொடிக்குள் வந்திருக்க வேண்டிய 100 கோரிக்கைகளும் காத்திருந்திருக்கும். சரியாகக் கணக்கிட்டால் 99ஆம் விழுக்காடு 0.9 நொடியை ஒட்டி வரும். மென்பொருள் பொறியாளர் கில் டெனே இந்தப் பிழையை விளக்கிப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார். எப்போதாவது உறைந்து நிற்கும் தளத்துக்கும் எப்போதும் சீராக ஓடும் தளத்துக்கும் உள்ள வேறுபாட்டையே இது துடைத்துவிடும். கோரிக்கை அனுப்பியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து கணக்கிடும் கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

படி 9: இடைவெளிக்குக் காரணம் கண்டுபிடித்தல்

மொத்த நேரத்தை முதலில் மூன்றாக உடையுங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் ‘டைம்’ கட்டளையே போதும். மொத்தம் 10 நொடி, நிரல் தானே செலவிட்டது 3 நொடி, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் செலவிட்டது 1 நொடி என்று வந்தால், ஒற்றை த்ரெட் நிரலில் மீதி 6 நொடி காத்திருப்பு. புராசசரைக் குறைசொல்லிப் பயனில்லை. வட்டையோ வலையமைப்பையோ பூட்டையோ தேட வேண்டும்.

நிரலின் நேரமே அதிகம் என்றால் புராசசரின் உள் எண்ணிகளைக் கேளுங்கள். லினக்ஸில் ‘பெர்ஃப் ஸ்டாட்’, விண்டோஸில் விண்டோஸ் பெர்ஃபார்மன்ஸ் அனலைசர், மேக்கில் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். கட்டளைகளின் எண்ணிக்கை, ஒரு சுழற்சிக்கு எத்தனை கட்டளை, கேஷில் கிடைக்காமல் போனவை, தவறாகக் கணித்த கிளைகள் ஆகியவற்றைப் பாருங்கள். எக்ஸ்86, ஆர்ம் இரண்டிலும் ஒரே வேலைக்குக் கட்டளைகளின் எண்ணிக்கை வேறுபடும் என்பதால் அந்த ஓர் எண்ணை மட்டும் குறுக்கே ஒப்பிடாதீர்கள். கெர்னல் நேரம் அதிகம் என்றால் வேறு சந்தேகங்கள்: விண்டோஸில் புதிய புராசஸைத் தொடங்குவது லினக்ஸைவிடச் செலவானது, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறந்தால் வைரஸ் தடுப்பு ஒவ்வொன்றையும் எட்டிப்பார்க்கும்.

வன்பொருள் சார்ந்த சில எண்களை மனத்தில் வைத்திருப்பது நல்லது. எக்ஸ்86இல் நினைவகப் பக்கம் 4 கிலோபைட். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் 16 கிலோபைட். அதனால் பக்கப் பிழைகள் (தேவையான பக்கம் இன்னும் நினைவகத்தில் இணைக்கப்படாததால் வரும் இடைநிறுத்தங்கள்) குறையும். சிறு சிறு ஒதுக்கீடுகளில் நினைவகம் கூடுதலாகவும் தெரியலாம். எக்ஸ்86இல் கேஷ் வரி (கேஷுக்குள் ஒரே முறையில் வரும் தரவுத் துண்டு) 64 பைட். ஆப்பிள் சிலிக்கானில் 128 பைட். இரண்டு த்ரெட்களின் எண்ணிகளை 64 பைட் தள்ளி வைத்து, ஒன்றையொன்று இடிக்காது என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு அங்கே இடிக்கும்.

காரணம் என்று ஒன்றைச் சந்தேகித்தால் அங்கேயே நிற்காதீர்கள். அதை மாற்றிப் பாருங்கள். வைரஸ் தடுப்பு என்றால் சோதனை அடைவுக்கு விலக்குக் கொடுத்து அளங்கள். கேஷ் வரி என்றால் இடைவெளியை 128 ஆக்கி அளங்கள். நினைவக ஒதுக்கீடு என்றால் இரண்டு தளங்களிலும் ஒரே ஒதுக்கீட்டு லைப்ரரியை இணைத்து அளங்கள். இடைவெளி மறைந்தால் காரணம் அதுதான். பாதி மறைந்தால் இன்னொரு காரணம் மிச்சம் இருக்கிறது.

படி 10: அறிக்கை

புராசசரின் மாதிரி, நினைவக அளவு, வட்டு வகை, இயங்குதளத்தின் சரியான பதிப்பு, கம்பைலரும் அமைப்புகளும், லைப்ரரிப் பதிப்புகள், மின் நிலை, எத்தனை ஓட்டங்கள், சூடேற்றம் இருந்ததா என்பவை கட்டாயம். கையால் எழுதாமல், சோதனையை ஓட்டும் ஸ்கிரிப்டே இவற்றைத் திரட்டி முடிவுக் கோப்பின் தலைப்பில் எழுதும்படி செய்யுங்கள்; கையால் எழுதுவது இரண்டாம் வாரமே நின்றுவிடும். பச்சையான அளவுகளை அப்படியே இணைத்துக் கொடுங்கள். வேறு யாராவது வேறு விதமாகக் கணக்கிட விரும்புவார்கள்.

ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள். “மேக்கில் வேகம், எஃப்சிங்க்கின் பொருள் வேறு, ஃபுல்எஃப்சிங்க் இயக்கினால் இவ்வளவு” என்ற வரி, பத்துப் பட்டை வரைபடங்களைவிடப் பயனுள்ளது. காரணம் பிடிபடாத வேறுபாடுகளைத் தனிப் பகுதியில், “விளக்கப்படாதவை” என்ற தலைப்பின் கீழ் போடுங்கள். முடிவுரைக்குள் அவற்றை நுழைய விடாதீர்கள்.

இந்தச் சோதனையைத் தொடர்ந்து ஓட்டப்போகிறீர்கள் என்றால், எந்த மாற்றமும் செய்யாத ஒரே நிரலை ஒவ்வொரு தளத்திலும் சில நாட்கள் ஓட்டி, எண் எவ்வளவு ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். 3 விழுக்காடு ஆடும் இயந்திரத்தில் 1 விழுக்காட்டு மந்தத்துக்கு எச்சரிக்கை மணி அடிக்கும்படி வைத்தால், ஒரு மாதத்தில் குழுவில் யாரும் அந்த மணியைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். எச்சரிக்கையின் எல்லையை ஒவ்வொரு தளத்தின் ஆட்டத்துக்கும் ஏற்ப தனித்தனியாக வையுங்கள். இயங்குதளமோ கம்பைலரோ புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அடிப்படை எண்களை மறுபடி எடுங்கள்.